‘இல்லை’ என்ற விடைக்கு என்ன பொருள்?

பைத்தானில் டைப் எழுதுவது கட்டாயமில்லை. 2015-இல் 3.5 பதிப்போடு இந்த வசதி வந்தபோதே அப்படித்தான். எழுதினாலும், புரோகிராம் ஓடும்போது மொழி அதைச் சரிபார்ப்பதில்லை. மைபை, பைரைட் போன்ற டைப் செக்கர்கள்தான் முன்கூட்டியே படித்துப் பார்த்துப் பிழை சொல்கின்றன. அவை படிக்கும் விதத்தில் ஓர் அழகு உண்டு. ஒரு மதிப்பு முழு எண்ணாகவோ ஸ்ட்ரிங்காகவோ இருக்கலாம் என்று எழுதியிருப்போம். கீழே ஓர் இஃப் போட்டு, ஸ்ட்ரிங்தானா என்று இஸ்இன்ஸ்டன்ஸைக் கொண்டு கேட்டால் போதும். அந்தக் கிளைக்குள் அது ஸ்ட்ரிங், எல்ஸுக்குள் முழு எண் என்று செக்கர் தானாகவே புரிந்துகொள்ளும்.

அதே சோதனையைத் தனி ஃபங்ஷனாக எடுத்து வைத்ததும் இந்தப் புரிதல் அறுந்துபோகிறது. வெளியிலிருந்து ஜேசானாக வந்த லிஸ்ட்டில் எல்லாமே ஸ்ட்ரிங்தானா என்று ஒரு ஃபங்ஷன் ஒவ்வொன்றாகப் பார்த்து ட்ரூ என்கிறது. செக்கருக்கு அது வெறும் ட்ரூ. டைப்ஸ்கிரிப்ட் மொழி இதற்கு 2015-இல், 1.6 பதிப்பிலேயே வழி செய்தது. பைத்தானுக்கு எரிக் ட்ராட் எழுதிய பெப் 647 என்ற முன்மொழிவின் வழியாக, 2021-இல் வெளியான 3.10 பதிப்பில் டைப்கார்ட் வந்தது. ‘நான் ட்ரூ என்றால், இது ஸ்ட்ரிங்குகளின் லிஸ்ட்’ என்று ஃபங்ஷனின் தலைப்பிலேயே வாக்குக் கொடுத்துவிடலாம்.

செக்கர் அந்த வாக்கை அப்படியே நம்புகிறது. உள்ளே எதையும் பாராமல் ‘ரிட்டர்ன் ட்ரூ’ என்று மட்டும் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். டெஸ்ட் எழுத நேரம் குறைவாக இருந்தால், முதலில் இந்த ஃபங்ஷன்களுக்கு எழுதுங்கள் என்பேன்.

இதைவிட நுட்பமானது ‘இல்லை’ என்ற விடை. டைப்கார்ட் ஃபால்ஸ் சொன்னால் செக்கர் எதையும் முடிவு செய்யாது. எல்ஸ் கிளையில் மதிப்பு பழைய சந்தேகத்தோடேயே நிற்கும். பலருக்கு இது குறையாகப் பட்டது. எனக்கு அதில் நேர்மை தெரிகிறது. பூஜ்யத்துக்கு மேற்பட்ட முழு எண்ணா என்று கேட்கும் ஃபங்ஷனிடம் மைனஸ் 5-ஐக் கொடுங்கள். இல்லை என்றுதான் சொல்லும். அதற்காக மைனஸ் 5 முழு எண்ணே அல்ல என்று ஆகிவிடுமா?

2024 அக்டோபரில் 3.13 பதிப்போடு வந்த டைப்இஸ் இரண்டு கிளைகளிலும் டைப்பைக் குறுக்குகிறது. யெல்லெ ஸைல்ஸ்ட்ராவின் பெப் 742 தந்தது இது. பெரும்பாலான இடங்களில் நமக்கு வேண்டியதும் இதுதான். ஆனால் வாக்கு இங்கே கனமானது: அந்த டைப்பைச் சேர்ந்த ஒவ்வொரு மதிப்புக்கும் ட்ரூ, சேராத எதற்கும் ஃபால்ஸ். முழு எண்ணாகவோ ஸ்ட்ரிங்காகவோ இருக்கக்கூடிய மதிப்பைப் பார்க்கும்போது, மேலே சொன்ன எண் சோதனைக்கு டைப்இஸ் போட்டால், மைனஸ் 5 எல்ஸ் கிளைக்குள் ஸ்ட்ரிங் என்ற பெயரில் நுழைந்துவிடும். செக்கர் வாய் திறக்காது, ஓடும்போதுதான் உடையும்.

அதே 2024-இல் வந்த டைப்ஸ்கிரிப்ட் 5.5, எளிய சோதனைகளில் ஃபங்ஷனின் உள்ளே படித்து இந்த வாக்கைத் தானே வருவித்துக்கொள்ளத் தொடங்கியது. ‘எண்ணா, பூஜ்யத்துக்கு மேலா’ என்ற சோதனையைக் கொடுத்தால் மட்டும் வருவிக்க மறுக்கிறது. ஃபால்ஸ் வந்தால் என்ன பொருள் என்று அதுவும் கேட்டுப் பார்க்கிறது.