பல்லைப் பிடித்துப் பார்த்தவர்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். திருவேற்காட்டில் எங்கள் தெருக்கோடிக் காலிமனைக்கு ஒரு கிழக்குதிரை தானமாக வந்து சேர்ந்தபோது, அதைப் பார்த்துக்கொண்ட பாய் முதலில் செய்த காரியமே அதுதான். உதட்டைத் தூக்கி, வாயோரமாக விரலை விட்டுத் துழாவினார்.

"இருபத்தஞ்சு வயசு இருக்கும் தம்பி. கடவாப்பல்லு கத்தி மாதிரி நிக்குது. கன்னமெல்லாம் புண்ணு."

மெரினா மணலில் பிள்ளைகளைச் சுமந்து, மாப்பிள்ளை அழைப்புகளில் பேண்டு சத்தத்துக்கு நடுவே நடந்து ஓய்ந்த உடம்பு. முன்னால் புல்கட்டு கிடக்க, விலாவை எண்ணிவிடும்படி நின்றது. வாய் நிறையப் புல் எடுக்கும், மெல்லும், பிறகு எச்சில் உருண்டையாகக் கீழே விட்டுவிடும். வீம்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். குதிரையின் பல் ஈறிலிருந்து ஆண்டுக்கணக்காக மேலேறிக்கொண்டே இருக்கும், புல்லை அரைத்துத் தேய்ந்துகொண்டும் இருக்கும். தேய்மானம் கோணலானால் மேல்பல்லின் விளிம்பு கன்னத்தை அறுக்கும், கீழ்ப்பல்லின் விளிம்பு நாக்கை அறுக்கும். இன்னும் வயதானால் மேலேறுவதற்குப் பல்லே மிச்சமிருக்காது. தீனி எதிரே இருக்க, அது பட்டினி கிடந்திருக்கிறது.

டாக்டர் வந்து மயக்க ஊசி போட்டு, நீளக்கைப்பிடி அரத்தால் கூரை ராவிவிட்டார். மீதி எல்லாம் பாயின் கைவேலை. கொள்ளை இரவே ஊறப்போட்டு, வேகவைத்து மசித்து, தவிடும் உப்பும் வெந்நீரும் சேர்த்துக் கரைப்பார். ஒரே வேளையாக வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, குடல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் விடிந்ததும் லத்தியைத்தான் முதலில் பார்ப்பார். ஆடி ஞாயிறு, கருமாரியம்மனுக்குத் தெருவெல்லாம் கூழ் வார்த்துக்கொண்டிருந்தபோது, இங்கே ஒரு வாளியில் இன்னொரு கூழ் ஆறிக்கொண்டிருந்தது.

13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்குக் கடல்வழியே ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கின. பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் இல்லாமல் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் செத்துப்போயின என்று மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். வந்த குதிரை ஒன்று கிழமான கதையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். மூட்டு போன கிழக்குதிரை, எழ முடியாதோ என்ற பயத்தில் படுக்காமலே நாள்கணக்கில் நிற்கும். சிமெண்டுத் தரைமேல் முழங்கால் உயரத்துக்கு மணல் கொட்டினோம், நானும் நாலு கூடை சுமந்தேன். மூன்றாம் நாள் இரவு எட்டிப் பார்த்தேன். கழுத்தை நீட்டி, விலாப்பக்கம் மணலில் பதிய அது படுத்திருந்தது. தெருநாய் வந்துவிடாமல் பாய் கம்போடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார்.