சீதன வீடு

கஸ்தெலொரிசோவில் பெயரைக் கேட்கும் முன்பே "நீ யாருடைய பிள்ளை?" என்று கேட்டுவிடுகிறார்கள். மெல்பேர்ணில் பிறந்த என் சிநேகிதி தாத்தாவின் பெயரைச் சொன்னாள். கோப்பிக்கடைக் கிழவர் சிரித்தார். மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவரின் பெயரை வைப்பது கிரேக்கர் வழக்கம். ஒரு கிழவனுக்கு நாலு மகன்மார் என்றால் நாலு வீட்டிலும் அதே பெயர். பட்டப்பெயர் சொன்னால்தான் ஆள் பிடிபடும். அவளுக்கு அது தெரியாது.

துருக்கிக் கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் தள்ளிக் கிடக்கும் கிரேக்கத் தீவு இது. ஒருகாலத்தில் பத்தாயிரம் பேர்வரை வாழ்ந்த இடத்தில் இன்று ஐந்நூறு சொச்சம். ஓட்டோமான், பிரெஞ்சு, இத்தாலிய ஆட்சிகள் மாறி மாறி வர, எதிர்க்கரை வியாபாரம் படுத்தது. சனம் பேர்த், சிட்னி என்று கப்பலேறியது. மிஞ்சியவர்களை 1943இல் பிரித்தானியர் வெளியேற்றினார்கள். பலர் காஸா முகாமுக்குப் போனார்கள். மறுவருடம் ஊரில் தீப்பிடித்து ஏறக்குறையப் பாதி வீடுகள் அழிந்தன. 1945இல் அகதிகளைத் திருப்பி ஏற்றிவந்த 'எம்பயர் பட்ரோல்' கப்பலும் கடலில் தீப்பற்றி, 33 பேர் இறந்தார்கள். ஊர் திரும்புதலைத் தேனாக எழுதுகிறவர்கள்மேல் எனக்கு இதை அறிந்தபின் நம்பிக்கை குறைந்துவிட்டது.

சிநேகிதி தன் பாட்டியின் கலியாணப் படத்தைக் காட்டியதும் கிழவர் வீட்டைக் காட்ட எழுந்துவிட்டார். இந்தத் தீவில் அந்தக் காலத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு அதை விளக்கவேண்டியிருக்கவில்லை, மெல்பேர்ண்காரிக்குத்தான் வியப்பு. தாத்தா வீடு என்று இத்தனை காலம் கேட்டு வளர்ந்தது பாட்டியின் வீடு!

துறைமுகத்தைச் சுற்றிய வண்ண வீடுகளில் பல, அவுஸ்திரேலியாவில் உழைத்த பணத்தில் மீண்டும் எழும்பியவை. பாட்டியின் வீடோ பின்தெருவில், கூரையின்றி, நடுவே அத்திமரத்தோடு நின்றது. பணமில்லாமல் இடிந்த வீடல்ல என்றார் கிழவர். பாட்டிக்குப்பின் பிள்ளைகளுக்கு, அவர்களுக்குப்பின் பேரப்பிள்ளைகளுக்கு என்று பிரிக்காத பங்காகவே இறங்கிவந்திருக்கிறது. எல்லோரும் கையெழுத்திடாமல் முழு வீட்டையும் விற்கமுடியாது. விற்கமுடியாததில் யார் ஓடு போடுவார்?

பிறகு அவர் ஒப்புவிக்கத் தொடங்கினார். யார் யாரைக் கட்டினார், யார் பிள்ளையில்லாமல் செத்தார், அந்தப் பங்கு எந்தச் சகோதரிக்குப் போனது... அவள் ஆவணக் காப்பகங்களில் தேடிக் களைத்த வம்சாவளி அவர் வாயில் தடையின்றி வந்தது. காரணம் பாசம் என்று அவள் நினைத்திருக்கலாம். எனக்கென்னவோ, அவரும் ஒரு பங்காளி என்பதே போதிய காரணமாகப்பட்டது. பங்குக்கணக்கு தெரிந்தவரைப்போல உறவுமுறை தெரிந்தவர் எங்கள் ஊரிலும் இல்லை.

"பேர்த்திலே உனக்கு மாமன்முறை ஒருத்தன் இருக்கிறான். அவன் மட்டும் கையெழுத்துக்கு மசியமாட்டான்" என்று இலக்கத்தை எழுதிக்கொடுத்தார்.

அப்படி ஒரு மாமன் இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். இரவே அழைத்தாள். முதலில் வீட்டைப்பற்றித்தான் சண்டை பிடித்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்தும் பேசிக்கொண்டிருந்தார்கள்.