உள்ளே வருவது எது, வெளியே போவது எது?

விம் என்றதும் பாத்திரம் துலக்குகிற சோப்பு ஞாபகத்துக்கு வந்தால் நீங்கள் என் கட்சி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். கம்ப்யூட்டரிலும் ஒரு விம் உண்டு. எழுதுவதற்கான மென்பொருள். கறுப்புத் திரை, அதில் வெறும் எழுத்து. மெனு, பட்டன், மவுஸ் எதையும் நம்பியிருக்க வேண்டாம். ஒரே சிக்கல், உள்ளே போனவருக்கு வெளியே வர வழி தெரியாது. புரோகிராமர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ‘விம்மை விட்டு வெளியேறுவது எப்படி?’ என்ற கேள்வியைப் பார்த்தவர்கள் 2017-லேயே பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள்.

என்னை இதில் இழுத்துவிட்டவன் அண்ணன் மகன். சாஃப்ட்வேர்க்காரன். “சித்தப்பா, உங்க பழைய லேப்டாப் பெரிய சாஃப்ட்வேரையெல்லாம் தாங்காது. இதப் போட்டுக்குங்க, பறக்கும்” என்றான். பறந்தது. தமிழ்க் கட்டுரைக்கு மட்டும் இது சரிப்படவில்லை. டெர்மினல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் ஒதுக்கும். நம் கொம்பும் காலும் அதில் அடங்காமல் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். எழுத்தை வரைவது டெர்மினல் என்பதால் விம்மில் எதைச் சேர்த்தும் பயனில்லை. ஆகவே இங்கிலீஷில் கிறுக்குகிற பேட்டிக் குறிப்புகள், யாரிடம் எப்போது பேசினேன் என்ற விவரம், வீட்டு வரவு செலவு எல்லாம் விம்மில். கட்டுரை வேறிடத்தில்.

பில் ஜாய் 1976-ல் எழுதிய ‘வி.ஐ.’ என்ற எடிட்டரின் வாரிசு இது. நெதர்லாந்துக்காரர் பிராம் மோலெனார் 1991-ல் வெளியிட்டார். காசு கேட்கவில்லை. பிடித்திருந்தால் உகாண்டாவில் உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்றார், அவ்வளவுதான். 2023 ஆகஸ்டில், 62 வயதில் காலமானார்.

விம் சாதா தோசை மாதிரி. மசாலா வேண்டுமென்றால் பிளகின். ஊர் உலகத்தில் உள்ளவர்கள் எழுதி வைத்திருக்கும் குட்டி புரோகிராம்கள், ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. பெரும்பாலும் இலவசம். இலவசம் என்றால் நம் கை சும்மா இருக்குமா? அண்ணன் மகன் ஒரு லிஸ்ட் அனுப்பினான். ஃபைல்களைக் கிளை கிளையாகக் காட்ட நெர்ட்ட்ரீ. அடியில் கலர் பட்டை போட ஏர்லைன். ஒரு சொல்லைச் சுற்றி மேற்கோள் குறி போட, மாற்ற, நீக்க சரவுண்ட். மற்றதையெல்லாம் மறைத்து எழுத்தை மட்டும் நடுவில் காட்ட கோயோ. இப்படி இருபது.

நான் பி.காம். மூன்று வருஷப் படிப்பில் மிச்சம் நிற்பது ஒரு விதி: உள்ளே வருவதைப் பற்று எழுது, வெளியே போவதை வரவு எழுது. இருபதையும் அந்தப் பேரேட்டில் ஏற்றிப் பார்த்தேன்.

முதலில், உள்ளே வருவது எது? ஃபைல்களை உலாவிப் பார்க்கும் வசதி விம்முடன் சேர்ந்தே வருகிறது. ஸ்பெல்லிங் பார்ப்பது 2006-ல் வந்த ஏழாவது பதிப்பிலேயே இருக்கிறது. வீட்டில் கிரைண்டர் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? நெர்ட்ட்ரீ கழிந்தது. கலர் பட்டை என் வாக்கியத்தை நேராக்காது. ஏர்லைனும் போயிற்று.

அடுத்து, வெளியே போவது எது? முதலில் நேரம். விம்மைத் திறக்கும்போது எந்தப் பிளகின் எத்தனை மில்லிசெகண்ட் தின்கிறது என்று கணக்கெடுக்க விம்மிலேயே ஒரு கட்டளை உண்டு. அதைப் பார்த்துச் சிலதைக் கழித்தேன்.

நேரம் போனால் போகட்டும். வேறொன்று போகலாம். பிளகின் என்பது உங்கள் மெஷினில், உங்கள் பெயரில், உங்கள் அதிகாரத்தோடு ஓடுகிற புரோகிராம். நீங்கள் திறக்கக்கூடிய ஃபைலை அதுவும் திறக்கலாம். கல்லாவில் உட்காருகிறவர் யார் என்று விசாரிக்காமல் சாவி கொடுப்போமா? 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற மென்பொருளில் திருட்டுக் கதவு ஒன்று அகப்பட்டது. பிளகின் இல்லை, லினக்ஸ் மெஷின்களுக்குள் சத்தமில்லாமல் இருக்கிற சின்ன உதிரி பாகம். கதவை வைத்தவர் இரண்டு வருஷத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்தவர். லாகின் ஆக அரை செகண்ட் கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற எஞ்சினியர் துருவியதால் பிழைத்தோம்.

லிஸ்டில் கடைசியாக ஒன்று இருந்தது. பாதி வாக்கியம் அடித்தால் மீதியை ஏ.ஐ. எழுதித் தரும் ரகம். “இதுதான் சித்தப்பா சூப்பர்!” சூப்பர்தான். ஆனால் நான் அடித்த வரியையும் அக்கம்பக்கத்து வரிகளையும் எங்கோ இருக்கிற சர்வருக்கு அனுப்பித்தான் அது மீதியை ஊகிக்கிறது.

என் குறிப்புகளில் ஒரு குமாஸ்தாவின் பெயர் இருக்கிறது. ஒரு டெண்டரில் காகிதம் எப்படி மாறியது என்று சொன்னவர். இரண்டு பெண் குழந்தைகள். “பேர் வெளிய வந்தா வேலை போயிடும் சார்” என்பதை மூன்று தடவை சொன்னார். அந்தப் பெயர் சென்னையைத் தாண்டுவதென்ன, இந்த லேப்டாப்பைத் தாண்டவே எனக்கு உரிமை இல்லை.

கடைசியில் நின்றவை இரண்டு: சரவுண்ட், கோயோ. சரவுண்ட் சில நூறு வரிகள்தான். அண்ணன் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டுக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டேன். நெட்டைத் தொடுகிற வரி ஒன்றுகூட இல்லை என்றான். 2016-ல் வந்த எட்டாவது பதிப்பு முதல் பிளகினை உரிய ஃபோல்டரில் போட்டாலே விம் எடுத்துக்கொள்ளும். தானாக அப்டேட் ஆகாது. எனக்கு அதுவே வசதி.

“ரெண்டே ரெண்டா? பிளகின் எழுதறவங்க எல்லாம் நல்லவங்கதான் சித்தப்பா. கொஞ்சம் நம்புங்க!”

நம்புகிறேன். பெரும்பாலும் தங்கமானவர்கள்தான். ஆனால் அந்தக் குமாஸ்தா நம்பியது என்னை. நான் நம்புகிறவர்களையெல்லாம் அவரும் நம்பியாக வேண்டும் என்று கட்டாயமில்லையே.