ஹஜ்ரத்தின் அரைமணி நேரம்



முதுமையடைந்த எங்கள் ஹஜ்ரத்தின் கிராஅத்தை என் வீட்டு அறையில் பதிவு செய்து வருகிறேன். சுப்ஹுக்குப் பின் அரைமணி நேரமே அவரால் ஓத இயலும். கருவிகளின் பின்னால் கேபிள் மாற்றுவதில் அந்நேரம் கழியாதிருக்கவே பேட்ச்பே பொருத்தினேன்.

எல்லா இணைப்புகளும் அதன் முகப்பிலேயே உள்ளன: மேல் வரிசையின் 24 துளைகள் ஒலி வெளிவர, கீழ் வரிசையின் 24 துளைகள் ஒலி உட்செல்ல. ‘ஹாஃப் நார்மல்’ அமைப்பில் மேலிருந்து கீழே ஒலி தானே செல்லும். மேலே கேபிள் செருகினால் அதன் பிரதி கிடைக்கும். கீழே செருகினால் பழைய வழி துண்டிக்கப்படும். 48 வோல்ட் செல்லும் மைக் கேபிளை மட்டும் இதில் சேர்ப்பதில்லை. செருகும்போது மின்சாரம் தடம் மாறினால் சில மைக்குகள் பழுதாகலாம்.

ஹஜ்ரத்தின் மூச்சு நம்மிடமுள்ள அமானிதம். இனி அது கேபிளுக்காகக் காத்திருக்காது, இன்ஷா அல்லாஹ்.