பற்று யாருக்கு, வரவு யாருக்கு?

ஆபீஸில் ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்று ஏ.ஐ.யிடம் கேட்கிறீர்கள். அரை நிமிஷத்தில் பத்து வலைத்தளங்களைப் படித்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. நமக்கு சந்தோஷம். அந்தப் பத்துத் தளக்காரர்களுக்கு? படிக்க வந்தது ரோபோ. சந்தா கட்டாது; விளம்பரத்தைப் பார்த்து சோப்பும் வாங்காது!

பி.காமில் என் மண்டையில் உருப்படியாக ஏறிய சமாசாரம் ஒன்று உண்டு: 'பெறுபவர் கணக்கில் பற்று வை, கொடுப்பவர் கணக்கில் வரவு வை.' வாங்கியவர் யார் என்று தெரியாவிட்டால் பேரேட்டில் ஒரு வரிகூட எழுத முடியாது. இன்டர்நெட்டில் இத்தனை நாள் அதுதான் தகராறு.

1994-ல் 'ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி' என்று ஓர் ஏற்பாடு வந்தது. எந்த ரோபோ எங்கே வரக்கூடாது என்று தளத்தின் வாசலில் எழுதி வைப்பது. 'இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்' என்ற சுவருக்கு என்ன மரியாதையோ, அதேதான் இதற்கும். தவிர, ரோபோ தன் பேரைத் தானே சொல்லிக்கொள்ளும். 'நான் சாதாரண பிரவுசர் ஸார்' என்று புளுகினால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

வேடிக்கை என்னவென்றால், காசு கேட்கவும் அப்போதே வழி யோசித்திருந்தார்கள். 404 தெரியும்தானே? 'பக்கம் காணோம்.' அதற்கு ரெண்டு வீடு தள்ளி 402: 'பணம் கட்டணும்.' 1990-களில் எண்ணை ஒதுக்கி, 'பிற்கால உபயோகத்துக்கு' என்று பூட்டி வைத்துவிட்டார்கள். 2025 ஜூலையில் கிளவுட்ஃப்ளேர் கம்பெனி சோதனை முறையில் அதைத் தூசி தட்டி எடுத்தது. ரோபோ வந்து கதவைத் தட்டினால் 402, கூடவே விலை. ரோபோ டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு, தான் இன்னார் என்று நிரூபித்து, விலைக்குச் சம்மதித்தால்தான் பக்கம் திறக்கும். அந்தக் கையெழுத்தை இன்னொரு ரோபோ போலியாகப் போட முடியாது.

ஆக, பெறுபவருக்குப் பேர் கிடைத்துவிட்டது. பற்று எழுதலாம். வரவு?

காசு தளத்தின் சொந்தக்காரரிடம் போய் நின்றுவிடும். கட்டுரையை எழுதியவருக்கு அதில் பங்கு உண்டா என்பது அவர் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. என்னைப் போல வெளியிலிருந்து எழுதுகிறவனுக்கு ஒரு கட்டுரைக்கு ஒரு செக், அவ்வளவுதான். அதை ரோபோ ஆயிரம் தடவை காசு கொடுத்துப் படித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

எழுதுகிற, படம் வரைகிற, போட்டோ எடுக்கிற நண்பர்களே, அடுத்த ஒப்பந்தத்தில் 'ரோபோ படித்தால் எனக்கு எவ்வளவு?' என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள். ரோபோவே யோசித்துக் கையெழுத்துப் போடுகிற காலம். நாம் மட்டும் படிக்காமல் போடலாமா?