ஓடும் எழுத்தைப் படிக்க

வெள்ளி, இரவு

அக்கா மகன் பொங்கல் லீவுக்கு எருமப்பட்டி வந்திருக்கிறான். துணிமணியைவிடப் பத்திரமாக அவன் இறக்கி வைத்தது மானிட்டர் பெட்டியை. 24 அங்குலம், 165 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 165 படம். மாடி அறையில் பூட்டி, வேலரண்ட் ஆட உட்கார்ந்தவன் பத்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, 165னு சொல்லித்தானுங்க வாங்குனேன். சட்டுனு திரும்புனா எதிராளி உருவமே கலங்குது. பாருங்க."

பார்த்தேன். உண்மைதான். கனடாக்காரர் மார்க் ரெஜோன் உருவாக்கிய டெஸ்ட்யுஎஃப்ஓ என்ற இணையச் சோதனையைப் போட்டுக் காட்டினான். டொரண்டோ நகர வரைபடம் நொடிக்கு 960 புள்ளி வேகத்தில் பக்கவாட்டில் ஓடுகிறது. தெருப் பெயர் எதையும் படிக்க முடியவில்லை. ஓட்டத்தை நிறுத்தினால் ஒவ்வோர் எழுத்தும் ஊசி முனையாகத் தெரிகிறது. நிற்கும் படத்தில் இல்லாத கலங்கல் ஓடும் படத்தில் மட்டும் ஏன் வருகிறது? இதற்கு விடை காணாமல் மானிட்டர் மெனுவைத் தொடுவதில் பயனில்லை.

சனி, காலை

போன வருஷம் பொட்டிரெட்டிப்பட்டி ஜல்லிக்கட்டில் எடுத்த வீடியோவில் காளை கலங்கியிருக்கிறது. அது கேமராவின் ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் காளை நகர்ந்ததால் வந்தது. மானிட்டரில் நடப்பது வேறு. 165 ஹெர்ட்ஸில் ஒரு படம் 6 மில்லி நொடி அசையாமல் நிற்கிறது. அடுத்த படம் ஓர் எட்டு தள்ளி வந்து நிற்கிறது. கண் அப்படி விட்டுவிட்டு நகராது. ஓடும் பொருளை ஒரே சீராகத் தொடர்கிறது. படம் நிற்க, கண் நகர, அந்த 6 மில்லி நொடியில் ஒரு புள்ளி விழித்திரையில் கோடாக இழுபடுகிறது. கலங்கல் திரையில் இல்லை, நம் கண்ணில்தான் உண்டாகிறது.

கணக்கு எளிது. நொடிக்கு 1000 புள்ளி வேகத்தில் ஓடும் பொருளுக்கு, படம் ஒளிரும் ஒவ்வொரு மில்லி நொடிக்கும் ஒரு புள்ளி அகலத்துக்குக் கலங்கல். 60 ஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ 17 புள்ளி, 165 என்றால் 6. ஹெர்ட்ஸை மட்டும் ஏற்றி அதை ஒரு புள்ளிக்குக் கொண்டுவர 1000 ஹெர்ட்ஸ் வேண்டும்.

நாமக்கல் பிரவுசிங் சென்டர்களில் பழைய டப்பா மானிட்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்கள், அந்தத் தெளிவு இப்போது இல்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பழைய நினைவின் மயக்கம் அல்ல. படக்குழாயில் மின்கற்றை பட்ட இடம் பளிச்சென்று ஒளிர்ந்து உடனே மங்கிவிடும். அடுத்த படம் வரும்வரை அந்த இடம் இருட்டு. கண் நகர்ந்தாலும் இழுபட அங்கே ஒளி இல்லை.

சனி, இரவு

கலங்கலுக்கு மருந்தும் படக்குழாயின் வழியேதான்: படத்தை நிற்கவைக்காமல் மின்னவைப்பது. பின்விளக்கை ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முறை மட்டும் சுருக்கென்று அடித்து அணைக்க வேண்டும். என்விடியா இதை யுஎல்எம்பி என்கிறது, பென்கியூ டயாக் என்கிறது. பல மெனுக்களில் எம்பிஆர் என்று இருக்கும்.

லேத் பட்டறையில் கை கறுத்த எனக்கு இது புதிதல்ல. சோக்கு போட்ட டியூப்லைட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மின்னுகிறது. நாலு ஜா சக்கு நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றினால் இரண்டு மின்னலுக்கு நடுவே சரியாகக் கால் சுற்று. ஓடுகிற சக்கு நிற்பதுபோலத் தெரியும். கை வைத்தால் போச்சு. அதனால்தான் லேத்துக்கு மேலே தனியாகக் குண்டு பல்பு போடுவார்கள். பட்டறையில் ஆபத்தான அதே மின்னல்தான் மாடி அறையில் ஓடும் எழுத்தை நிறுத்திக் காட்டுகிறது.

மானிட்டர் மெனுவில் அந்த மின்னும் வசதி மங்கிக் கிடந்தது. விளையாட்டின் பட வேகத்துக்கு ஏற்ப ஹெர்ட்ஸை மாற்றும் அடாப்டிவ் சிங்கை அணைத்த பிறகே திறந்தது. பெரும்பாலான மானிட்டர்களில் இரண்டும் சேர்ந்து ஓடாது. மின்னுகிறதா என்று அறிய ஒரு வழி: வெள்ளைத் திரை முன்னால் பென்சிலை வேகமாக ஆட்டவேண்டும். ஒரே தீற்றலாகத் தெரிந்தால் மின்னவில்லை. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் மின்னுகிறது.

ஞாயிறு, விடியல்

தெருப் பெயர்களைப் படிக்க முடிகிறது. ஆனால் திரையின் கீழ்ப்பகுதியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிழல் எழுத்து. காரணம், படம் மேலிருந்து கீழாக வரி வரியாக எழுதப்படுகிறது. கீழ் வரிகளின் திரவப் படிகம் திரும்பி முடிக்குமுன் விளக்கு மின்னினால் பழைய படமும் சேர்ந்து தெரியும். கொல்லிமலைக் காற்று இறங்கும் தை மாத விடியலில் இந்த நிழல் இன்னும் கூடுதல், குளிரில் திரவப் படிகம் மந்தமாகும். அரை மணி ஓடிச் சூடேறியபின்தான் அளவெடுக்க வேண்டும்.

படிகத்தை விரட்டித் திருப்பும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்துப் பார்த்தான். நிழலுக்குப் பதில் வெள்ளை விளிம்பு வந்தது. நடு அளவே சரி.

உண்மையான தீர்வு ஹெர்ட்ஸைக் குறைப்பதில் கிடைத்தது. "165ஐ விட்டுட்டு 120ஆ? எதுக்குங்க மாமா அவ்வளவு காசு குடுத்தேன்?" என்று முகம் சுருங்கினான். அந்தக் காசு வீணாகவில்லை. 165க்குத் தாங்கும் பேனல் 120ல் ஓடும்போது அவகாசம் மிஞ்சுகிறது. 120ல் ஒரு படத்துக்கு 8.33 மில்லி நொடி. திரையில் தெரியாதவற்றையும் சேர்த்து மொத்த வரிகள் 1125 என்றால், தெரியும் 1080 வரிகளை எழுதவே 8 மில்லி நொடி போய்விடும், ஓய்வு வெறும் 0.33. அதே மொத்த வரிகளைக் கிராஃபிக்ஸ் கார்டு அமைப்பில் 1500 ஆக்கினால் எழுத 6 மில்லி நொடி போதும். மீதி 2.33 மில்லி நொடியில் படிகம் அடங்குகிறது, அதன்பின் விளக்கு மின்னுகிறது. நிழல் கடைசி ஓரத்துக்கு ஒதுங்கியது. விளக்கு மின்னும் தருணத்தை, அதாவது ஸ்ட்ரோப் ஃபேஸைக் கொஞ்சம் நகர்த்தி, குறி வைக்கும் நடுப்பகுதியைச் சுத்தமாக்கினோம்.

ஞாயிறு, மதியம்

வெயில் ஏறியதும் திரை இருண்டு தெரிகிறது. 8.33ல் ஒரு மில்லி நொடி மட்டும் ஒளி என்றால் எட்டில் ஒரு பங்குதான். விளக்கைக் கூடுதலாக எரியவிட்டு மானிட்டர் ஓரளவே ஈடுகட்டுகிறது. பகலில் ஒரு மின்னலின் நீளத்தை, அதாவது பல்ஸை 2 மில்லி நொடிக்கு நீட்டி, ஜன்னலுக்குத் திரை போட்டோம். இரண்டு புள்ளிக் கலங்கல் கண்ணுக்குப் பொருட்டில்லை.

இன்னொன்று: விளையாட்டும் நொடிக்கு 120 படத்தைக் குறையாமல் தரவேண்டும். 60 படம் மட்டும் வந்தால் ஒவ்வொன்றும் இரண்டு முறை மின்னும், உருவம் இரட்டையாகத் தெரியும். 24 படச் சுருளை 48 முறை காட்டிய பழைய தியேட்டர் புரொஜெக்டரிலும் இதே இரட்டைதான். விளையாட்டில் நிழல் போன்ற வரைகலை அமைப்புகளைக் குறைத்து, 120ல் எல்லை கட்டினோம்.

திங்கள்

இந்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை 2022 டிசம்பரில் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் பகுதியாக அங்கீகரித்தது. சென்னையிலிருந்து ஸ்கைஇஸ்போர்ட்ஸ் நிறுவனம் போட்டிகள் நடத்தியிருக்கிறது. இவனுக்கும் அந்த ஆசை. ஆகவே நேராகச் சொன்னேன்: ஓடும் ஆளைக் கண்ணால் பின்தொடர்ந்து சுட இந்த அமைப்பு உதவும். ஒரு மூலையை உற்றுப் பார்த்துக் காத்திருக்கும் ஆட்டத்துக்குப் பெரிய பயனில்லை, படமும் சில மில்லி நொடி தாமதமாகத்தான் வரும். அங்கே 165ஐயே வைத்துக்கொள்ளலாம்.

மானிட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் "1 மில்லி நொடி" என்று போட்டிருந்தால் அது ஜிடிஜியா எம்பிஆர்டியா என்று கேளுங்கள். ஜிடிஜி புள்ளி நிறம் மாறும் நேரம். எம்பிஆர்டி என்றால் பெரும்பாலும் மின்னும் வசதியைப் போட்டு அளந்த எண். பல்ஸ் அகலத்தை மாற்ற வழி உண்டா, 120ல் மின்னுமா என்றும் கேளுங்கள். மின்னும் விளக்கில் தலைவலி வருகிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள் இந்த வசதியை அணைத்தே வையுங்கள்.