முக்காலே மூணு வீசம்!

காஞ்சிபுரத்தில் பஸ் ஏறி, கொஞ்ச நேரம் பொறுத்து, "உத்திரமேரூர் இன்னும் எவ்வளவு தூரம்?" என்று பக்கத்து சீட் பெரியவரைக் கேட்டேன்.

"முக்காலே மூணு வீசம் வந்தாச்சு தம்பி!"

பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. முக்காலோடு மூணு வீசம் சேர்ந்தால் 15/16. பழைய ரூபாய்க்கு 16 அணா. ஆக, பதினைந்தணா தூரம் தாண்டியாச்சு, ஓரணா பாக்கி! 1957-ல் நயா பைசா வந்து அணாவை அனுப்பி வைத்தது. வீசம் மட்டும் பேச்சில் உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிறது.

சீனாக்காரர்களிடமும் இந்தக் கூத்து உண்டு. 'ரெண்டு பேரும் ஒரே லட்சணம்தான்' என்பதற்கு அவர்கள் 'அரை ஜின், எட்டு லியாங்' என்பார்கள். பழைய எடையில் ஒரு ஜின்னுக்கு 16 லியாங். அதனால் இரண்டும் ஒன்றுதான். 1959-ல் அரசாங்கம் ஜின்னுக்குப் பத்தே லியாங் என்று மாற்றிவிட்டது. இன்றைய தராசில் நிறுத்தால் மூணு லியாங் உதைக்கும்! ஆனாலும் சொலவடையை யாரும் திருத்தவில்லை.

உத்திரமேரூரில் இந்தப் பின்னங்கள் வெறும் பேச்சு இல்லை சார், சட்டம்! வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபக் கல்லில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் இருக்கின்றன. 919-ல் ஒன்று, அதைத் திருத்தி 921-ல் இன்னொன்று. 30 குடும்புகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

குடத்துக்குள் உங்கள் பெயர் விழ வேண்டுமா? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், அதாவது சுமார் ஒன்றரை ஏக்கர் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு. வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். கால் இல்லையா? ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் விளக்கத் தெரிந்தால் அரைக்கால் போதும். படிப்புக்கு கிரேஸ் மார்க்!

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவனோடு அப்பா, பிள்ளை, மாமன், மச்சான் எல்லாரும் அவுட்!

ஜனநாயகத்தின் பிறப்பிடம் என்று போர்டு வைத்துப் பெருமைப்படுகிறோம். படலாம். ஆனால் அது சதுர்வேதிமங்கலத்துப் பிராமண சபை. அந்த நிலத்தை உழுதவனுக்குக் காலும் இல்லை, அரைக்காலும் இல்லை, வீசமும் இல்லை. 'கால் காசுக்குப் பெறாதவன்' என்று நாம் சும்மா திட்டுகிறோம். இங்கே அதைக் கல்லிலேயே அளந்து வைத்திருக்கிறார்கள்.

என் கதையையும் பார்த்துவிட்டேன். நிலம்: பூஜ்யம். வேதம்: பூஜ்யம். வீடு: வாடகை. வயது 36. அதில் மட்டும் பாஸ்!